ஆஸ்டின் போறீங்களா? முதல்ல காலண்டரைப் பாருங்க

"ப்ரோ, ஆபீஸ்ல மூணு வாரம் டெக்சாஸ் ஆஸ்டினுக்கு அனுப்புறாங்க. பெர் டியம் காசுலயே ஊரைச் சுத்திட்டு மிச்சமும் பிடிக்க முடியுமா?" ஆன்சைட் போற எல்லாரும் கேட்கிற கேள்வி இது. முடியும். ஆனா அது நீங்க போற தேதியைப் பொறுத்தது.

நான் முதல் தடவை போனது அக்டோபர்ல. வேலை முடிஞ்சதும் வீக்கெண்டுக்கு ரெண்டு நாள் சொந்தக் காசுல தங்கலாம்னு ரூம் தேடினா, வாடகை மூணு மடங்கு! அந்த வாரம் ஃபார்முலா ஒன் ரேஸாம். சேர்த்து வெச்சிருந்த பெர் டியம் மொத்தமும் ரெண்டு ராத்திரில காலி. மார்ச்ல 1987-லிருந்து நடக்கிற சவுத் பை சவுத்வெஸ்ட் விழா, அக்டோபர்ல ஜில்கர் பார்க்ல ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ் இசை விழா. இந்த நாட்களைத் தவிர்த்தாலே பாதி பட்ஜெட் தப்பிச்சிடும்.

இன்னொண்ணு, வரி. ஹோட்டல் வரி மட்டும் 17%. 120 டாலர்னு காட்டுற ரூம், பில்லுல 140 டாலரைத் தாண்டும். சாப்பாட்டுக்கு 8.25% விற்பனை வரி, அதுக்கு மேல டிப்ஸ். கார்டு மெஷின் "ரூபாயா, டாலரா?"னு கேட்டா டாலரையே அழுத்துங்க. ரூபாயில காட்டுற ரேட் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான்.

ஊரைப் பார்க்கவா? அங்கதான் செலவே இல்லையே! 1888-ல கட்டி முடிச்ச டெக்சாஸ் கேப்பிடல், வாஷிங்டன்ல இருக்கிறதை விட உயரம். உள்ளே போக டிக்கெட் கிடையாது, கைடோட சுத்திப் பார்க்கிறதும் இலவசம். லேடி பேர்ட் ஏரியைச் சுத்தி 16 கிலோமீட்டர் நடைபாதை. மார்ச்ல இருந்து அக்டோபர் வரைக்கும் பொழுது சாயும்போது காங்கிரஸ் அவென்யூ பாலத்துல போய் நின்னீங்கன்னா, அடியிலிருந்து லட்சக்கணக்கான வௌவால்கள் புகை மாதிரி கிளம்பும். மேலேயே நில்லுங்க, கீழே நின்னா சட்டை போயிடும்!

காசு கொடுத்துப் போக வேண்டிய இடம்னா பார்ட்டன் ஸ்பிரிங்ஸ். ஊற்றுத் தண்ணீர் குளம், வெயில் 38 டிகிரி அடிச்சாலும் தண்ணீர் 20, 21 டிகிரிலதான் இருக்கும். உள்ளூர்க்காரங்களை விட நமக்குக் கட்டணம் கூட. வியாழக்கிழமை பகல்ல சுத்தம் பண்றதுக்காக மூடிடுவாங்க, அன்னைக்குப் போய் ஏமாறாதீங்க.

இப்போ பாட்டு. உலகத்தோட லைவ் மியூசிக் தலைநகரம்னு 1991-லிருந்து பட்டம் போட்டுக்கிட்ட ஊர் இது. சிக்ஸ்த் ஸ்ட்ரீட்ல நடந்தாலே கதவுக்குக் கதவு ஒரு பேண்ட் கேட்கும். 1974-லிருந்து ஓடுற ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ் டிவி ஷோவை நேர்ல பார்க்கக்கூட டிக்கெட் குலுக்கல்ல இலவசமா கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தா.

சிக்கனம் சொல்ற நானே இங்க மட்டும் செலவு பண்ணச் சொல்றேன். நுழைவுக் கட்டணம் இல்லாத பார்ல, வாசிக்கிறவங்களுக்குப் பல நேரம் மேடை முன்னாடி இருக்கிற டிப்ஸ் பக்கெட்தான் வருமானம். ஒரு மணி நேரம் கேட்டுட்டு மெல்ல நழுவாதீங்க. பக்கத்துல ஒட்டியிருக்கிற வென்மோ க்யூஆர் நம்ம ஊர் பேங்க் அக்கவுண்டுக்கு வேலை செய்யாது. ஹோட்டல் கவுன்டர்லயே அஞ்சு டாலர் நோட்டா கொஞ்சம் மாத்தி, பர்ஸ்ல தனியா வெச்சுக்குங்க.