கோழியின் எச்சம் கூறும் செய்தி

புதுச்சேரி நகரில் முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, இலாசுப்பேட்டை போன்ற பகுதிகளில், வீட்டின் பின்கட்டிலோ மாடியிலோ நான்கைந்து கோழிகளை வளர்ப்போர் உண்டு. இடம் குறைவு, அண்டை வீடு மிக அருகில். ஆகவே ஒரு கோழிக்கு வரும் நோய் எல்லாக் கோழிகளுக்கும், பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கும் விரைவில் பரவிவிடும். நோயை முதல் நாளிலேயே காட்டிக் கொடுப்பது கோழியின் எச்சமாகும். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. காலையில் கூண்டைத் திறந்ததும் ஒரு நிமிடம் குனிந்து பார்த்தால் போதும்.

நல்ல எச்சம் எது?

கோழி தனியாகச் சிறுநீர் கழிப்பதில்லை. சிறுநீரகம் வெளியேற்றும் யூரிக் அமிலம் வெண்மையான பசையாக மலத்துடன் சேர்ந்தே வருகிறது. எனவே பழுப்பு அல்லது பச்சை கலந்த பழுப்பு நிறத்தில், உருண்டு திரண்டு, மேலே வெள்ளைத் தொப்பி போட்டாற்போல் இருப்பது நல்ல எச்சம்.

இதைத் தவிர இன்னொரு வகையும் உண்டு. கோழியின் குடலில் இரண்டு குருட்டுக் குடல்கள் உள்ளன. ஏறத்தாழ எட்டு, பத்து எச்சங்களுக்கு ஒருமுறை இவற்றிலிருந்து கடுகுப் பசை போன்ற, ஒட்டும் தன்மையுள்ள, நாற்றம் மிகுந்த எச்சம் வரும். புதிதாகக் கோழி வளர்ப்போர் இதைக் கழிச்சல் என்று எண்ணி அஞ்சுவார்கள், அச்சம் வேண்டாம். அடைக்கோழி ஒரு நாளைக்கு ஓரிரு முறை மட்டுமே எழுந்து போவதால் அதன் எச்சம் பெரிதாகவும் கடும் நாற்றத்துடனும் இருக்கும். இதுவும் நோயன்று.

சித்திரை, வைகாசி வெயிலில் கோழி மிகுதியாக நீர் பருகும். கோழிக்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து இளைத்தே உடற்சூட்டைத் தணித்துக் கொள்கிறது. அப்போது எச்சம் நீர்த்துப் போவது இயல்பு. நிழலும் குளிர்ந்த நீரும் கொடுத்தால் சரியாகிவிடும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

1. வெள்ளையும் பச்சையும் கலந்து நீராகப் போதல்: கோழி தீனி எடுக்காமல் உறங்கியபடி நின்று, மூச்சுத் திணறி, சில நாட்களில் கழுத்து திருகிக் கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிகேத் நோயாக இருக்கலாம். இந்த நச்சுயிரி நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசியும் போடுவது வழக்கம். ஊசிக்கு ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பது நலம்.

2. இரத்தம் கலந்த எச்சம்: மூன்று முதல் ஆறு வார வயதுள்ள குஞ்சுகளில் இது இரத்தக்கழிச்சலின் அடையாளம். இந்நோய்க் கிருமியின் முட்டை ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள தரையில் இரண்டொரு நாளில் நோய் பரப்பும் நிலையை அடைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரில் இது பெருகுவதற்குக் காரணம் நனைந்த கூளமேயாகும்.

3. குஞ்சின் ஆசனவாயில் எச்சம் ஒட்டி அடைத்துக் கொள்ளுதல்: குளிர், மிகையான சூடு, நுண்ணுயிரித் தொற்று ஆகியவை காரணமாகலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைக்கவும். பிய்த்து இழுக்கக் கூடாது. வயிற்றில் காய்ந்து நிற்கும் தொப்புள் பொருக்கை எச்சம் என்று எண்ணிப் பறித்துவிடாதீர்கள்.

4. உடல் மெலிந்து, எச்சத்தில் வெள்ளை நூல் போன்ற புழு காணுதல்: குடற்புழு நீக்கம் தேவை.

இறகு அழுக்கானால்

வாலடி இறகில் எச்சம் அப்பியிருப்பதைக் கண்டதும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவோர் பலர். கழுவியதும் கோழி அழகாகிவிடும். நோயோ வயிற்றிலேயே இருக்கும். ஆகவே முதலில் காரணத்தைத் தேடுங்கள். கழிச்சலா, புழுவா, ஆசனவாய்ப் புண்ணா, பேனா என்று இறகைப் பிரித்துப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளைக் கொத்தாக ஒட்டியிருப்பது பேன் முட்டை. செல் இரவில் கூண்டின் இடுக்கிலிருந்து வந்து கடிக்கும். ஆகவே விளக்குடன் அமரும் கம்பின் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும்.

கோழியின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. அந்த எண்ணெயை அலகால் எடுத்து இறகெங்கும் தடவித் தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்கிறது. அடிக்கடி குளிப்பாட்டினால் அந்த எண்ணெய் போய்விடும். கோழிக்கு ஏற்ற குளியல் மண் குளியலே. ஒரு பழைய தொட்டியில் காய்ந்த மணலும் சலித்த விறகுச் சாம்பலும் கலந்து, மழை படாத இடத்தில் வையுங்கள். கழுவியே தீர வேண்டுமானால் அழுக்கான பகுதியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் முற்பகலில் கழுவி, மாலைக்குள் நன்கு உலர்த்துங்கள். மழை நாளில் கழுவுவதைவிட வாலடி இறகைக் கத்தரித்து விடுவது மேல்.

கூண்டில் செய்ய வேண்டியவை

அமரும் கம்பின் கீழ் ஒரு பலகையோ பழைய சாக்கோ விரித்தால் இரவு எச்சம் முழுவதும் அதில் சேரும். காலையில் பார்த்துவிட்டு அள்ளிவிடலாம். தரையில் நெல் உமி அல்லது கடலைத்தோலை மூன்று அங்குலம் பரப்புங்கள். ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடித்து விட்டால் அது உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. அதை உடனே மாற்றுங்கள். கண்ணை எரிக்கும் நெடி வந்தால் அமோனியா சேர்ந்துவிட்டது என்று பொருள். அது கோழியின் கண்ணையும் மூச்சுக் குழாயையும் கெடுக்கும்.

அள்ளிய எச்சத்தை அப்படியே செடிக்கு இட்டால் வேர் கருகும். சருகுடன் கலந்து மட்கவைத்துப் பிறகு மல்லிகைக்கும் முருங்கைக்கும் இடலாம். எச்சத்தைத் தொட்ட பின் கையைச் சோப்பால் கழுவத் தவறாதீர்கள். சிறு குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

கழிச்சல் கண்ட கோழியை அன்றே தனியே பிரித்து, புதிய எச்சத்தைச் சுத்தமான உறையில் எடுத்துக் கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். குரும்பாபேட்டில் இராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையமும், பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. பல கோழிகள் ஒரே சமயத்தில் இறந்தால் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நோயுற்ற கோழியை அவசரமாகச் சந்தையில் விற்பது பிறர் வீட்டுக் கோழியையும் கொல்வதாகும்.

கூண்டைத் திறந்ததும் முட்டையைத் தேடுவது நம் வழக்கம். நாளை முதல் எச்சத்தைப் பார்த்துவிட்டு முட்டையை எடுங்கள்.