பழைய காருக்கு எவ்வளவு இன்சூரன்ஸ் போதும்?

ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்க நாலு மண்டியில் விலை விசாரிக்கும் நாம், கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது மட்டும் ஏஜெண்ட் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். புது வண்டிக்கு அது பெரிதாகப் பாதிக்காது. பத்து, பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டிக்கு, கணக்குப் பார்த்தே ஆகவேண்டும்.

குறைக்க முடியாதது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் உண்மையான ஆபத்து அபராதம் அல்ல. நம் வண்டி மோதி ஒருவர் இறந்தால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு பல லட்சங்களைத் தொடும். கடையும் வீடும் அதற்குப் பதில் சொல்ல நேரும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இந்த பாலிசியில் தொகை வரம்பு இல்லை. பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்குக் காரைப் பொறுத்தவரை 7.5 லட்சம் ரூபாய் வரை உண்டு.

2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1000 சி.சி. வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். வரி தனி. வண்டி எவ்வளவு பழையதானாலும் இதில் கை வைக்கக் கூடாது.

தேய்மானக் கணக்கு

நம் வண்டிக்கே ஏற்படும் சேதம், திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றுக்கானது சொந்தச் சேதப் பகுதி. இதையும் சேர்த்தால்தான் முழு இன்சூரன்ஸ். யோசிக்க வேண்டியது இதைத்தான்.

ஐந்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு பாலிசியில் எழுதும் மதிப்பு, நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. பிரீமியம் குறையும் என்று மதிப்பைக் குறைத்து எழுதச் சம்மதித்தால், வண்டி திருடுபோகும் நாளில் கிடைப்பதும் குறையும். பழைய கார் வியாபாரியிடம் சந்தை விலை கேட்டுக்கொண்டு பேசுவது நல்லது. பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதப்படும்.

சிறு பழுதுகளில் தேய்மானம் கடுமை. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்குப் பாதி விலைதான். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியின் இரும்புப் பாகங்களுக்கும் பாதிதான். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் இல்லை.

ஓர் உதாரணம்: பன்னிரண்டு ஆண்டு ஓடிய, 1500 சி.சி.க்கு உட்பட்ட காரின் மதிப்பு 1,20,000 ரூபாய். சொந்தச் சேதப் பிரீமியம் 4,000 ரூபாய் என்று வைப்போம். பல ஆண்டு கிளெய்ம் வாங்காததால் 50 சதவீத போனஸ் போக, கட்டுவது 2,000 ரூபாய். ஒரு மோதலில் பம்பர் 6,000, கதவு 8,000, கூலி 4,000 என்று 18,000 ரூபாய் பில் வருகிறது.

பம்பருக்கு 3,000, கதவுக்கு 4,000, கூலி 4,000 சேர்த்து 11,000. கட்டாயக் கழிவு 1,000 போக, கைக்கு வருவது 10,000. ஆனால் கிளெய்ம் வாங்கியதால் போனஸ் முழுதும் போய்விடுகிறது. அது மறுபடி 20, 25, 35, 45, 50 என்று ஏறும் வரை, பிரீமியம் மாறாவிட்டாலும் ஐந்து ஆண்டில் 5,000 ரூபாய் அதிகம் கட்டுகிறோம். நிகர லாபம் 5,000 தான்!

ஆகவே பழைய காருக்கு முழு இன்சூரன்ஸ் என்பது சிறு கீறலுக்கு அல்ல. வண்டியே போய்விடும் நாளுக்கு. ஒரே கேள்வி கேட்டுக்கொள்வோம்: நாளைக் காலை இந்தக் கார் இல்லையென்றால், கடை முதலைத் தொடாமல் வேறு வண்டி வாங்க முடியுமா? முடியும் என்றால் மூன்றாம் நபர் பாலிசி போதும். முடியாது என்றால் அந்த 2,000 ரூபாய் வீண் செலவல்ல.

தாழ்வான பகுதியில் இருப்போர் வெள்ளத்தையும் எண்ண வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடியிலும் பட்டது மறக்காது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசாவும் கிடையாது. முழு இன்சூரன்ஸ் இருந்தாலும், நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் கெட்டால் கம்பெனி மறுக்க இடமுண்டு.

காரில் சரக்கு ஏற்றலாமா?

நம் தொழிலில் இது முக்கியம். தனியார் கார் பாலிசியின் பயன்பாட்டு நிபந்தனையில், மாதிரிப் பொருளும் சொந்தச் சாமான்களும் தவிரச் சரக்கு ஏற்றுவது அடங்காது. பின்சீட்டை மடக்கி அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றி வரும்போது விபத்து நடந்தால், கிளெய்ம் சிக்கலாகும். நிபந்தனை மீறல் வழக்குகளில், கம்பெனி இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பானதும் உண்டு. 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வேனுக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 கட்டணப்படி 16,049 ரூபாய் என்பது சுமைதான். தினமும் சரக்கு எடுப்போர் அதைத் தொழில் செலவாகவே ஏற்க வேண்டும். எப்போதாவது எடுப்போருக்கு வாடகை வண்டியே மேல்.

புதுப்பிக்கும் முன்

பாலிசி முடியும் தேதியைக் கடைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தேதி தாண்டி 90 நாள் ஆனால் போனஸ் போய்விடும். போனஸ் உரிமையாளருக்கு உரியது; காரை விற்றாலும் சான்று வாங்கி அடுத்த காருக்கு மாற்றலாம். இரண்டு மூன்று கம்பெனிகளில், ஒரே மதிப்புக்கு விலை கேளுங்கள். மண்டியில் காட்டும் சூட்டிகையை இங்கும் காட்டுவோம்.