ஒரே வகுப்பு, வெவ்வேறு பயிற்சித்தாள்: பிள்ளையை ஒதுக்குகிறார்களா?

ஒரே வகுப்பில் படிக்கும் இரு பிள்ளைகள் வெவ்வேறு பயிற்சித்தாளுடன் வீடு திரும்பினால் பெற்றோருக்குச் சந்தேகம் எழுவது இயல்பு. "என் மகனுக்கு மட்டும் ஏன் சுலபமான பயிற்சி? ஒதுக்கிவிட்டார்களா?" என்ற கேள்வி தமிழ்ப்பள்ளிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் புதிதன்று.

லகர, ழகர, ளகர வேறுபாட்டைக் கற்பிக்கும் தமிழ்மொழிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் தமிழே பேசும் தோட்டத்துப் பிள்ளைக்குப் 'பழம்' நன்கு தெரிந்த சொல். ஆனால் 'பளம்' என்று ஒலித்துப் பழகியதால் அப்படியே எழுதும். வீட்டில் ஆங்கிலம் பேசும் பட்டணத்துப் பிள்ளை பார்த்துப் பிழையின்றி எழுதிவிடும். 'பள்ளம்' என்றால் என்னவென்று கேட்டால் விழிக்கும். முதல் பிள்ளைக்குக் காதுக்கும் நாவுக்கும் பயிற்சி வேண்டும். அடுத்த பிள்ளைக்குப் படமும் பேச்சும் வேண்டும். பாட நோக்கம் இருவருக்கும் ஒன்றுதான்.

மாணவர் குறைந்த பள்ளிகளில் இது இன்னும் அவசியம். 30 மாணவர்கூட இல்லாத பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை இணைத்துக் கூட்டு வகுப்பு நடத்துகிறார்கள். அங்கே ஒரே பயிற்சியை எல்லாருக்கும் கொடுக்கவே முடியாது. தோட்டப்பள்ளி ஆசிரியர்கள் இதற்குப் பெரிய பெயர் எதுவும் சூட்டாமலேயே பல காலமாகச் செய்து வருகிறார்கள்.

2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பிறகு, தொடக்கப்பள்ளியில் வகுப்புசார் மதிப்பீட்டுக்கு முக்கியத்துவம் கூடியுள்ளது. அதில் 1 முதல் 6 வரை அடைவு நிலைகள் உண்டு. 3 என்பதைப் பாதி மதிப்பெண் என்று எண்ணி மனம் உடைய வேண்டாம். அதுவே எட்ட வேண்டிய குறைந்தபட்ச நிலை. பிள்ளை கற்றதைப் புரிந்துகொண்டு செய்தும் காட்டுகிறது என்று பொருள்.

பெற்றோர் உண்மையில் கவனிக்க வேண்டியது, குழு மாறுகிறதா என்பதைத்தான். கணிதத்தில் முந்தும் பிள்ளை தமிழில் பின்தங்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் மெதுநிலைக் குழுவில் அமர்ந்த பிள்ளை, எல்லாப் பாடத்திலும் ஆண்டு இறுதிவரை அங்கேயே இருந்தால் அது வெறும் முத்திரையாகிவிடும். "எந்தத் திறனில் தடை? அடுத்து எப்போது சோதித்துப் பார்ப்பீர்கள்?" என்று ஆசிரியரிடம் தயங்காமல் கேட்கலாம்.

எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளைக்குக் குறைநீக்கல் வகுப்பு உண்டா என விசாரியுங்கள். அதன் பிறகும் எழுத்துகள் இடம் மாறித் தெரிந்தால், சோம்பேறி என்று திட்டாமல் அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம்; சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்க்க மருத்துவரின் உறுதிப்பாடும் தேவைப்படும்.