ஓடட்டும் வண்டி – 17: பிரேக்குக்குள் விளக்கெண்ணெய்

போன வாரம் ஸ்பார்க் பிளக்கோடு நிறுத்தினோம். ஓடுகிற வண்டியைவிட நிறுத்தியே வைத்திருக்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும் என்பதை முதல் வாரத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் ரேடியேட்டர் என்று சொல்லியிருந்தேன். அதற்காக வண்டியில் ஊற்றுகிற திரவங்களைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு தகவல் கண்ணில் பட்டது. அதை விட்டு நகர முடியவில்லை.

கார்களில் ஹைட்ராலிக் பிரேக் பரவத் தொடங்கிய காலத்தில், அதன் குழாய்களுக்குள் இருந்தது விளக்கெண்ணெய்!

நம் வீடுகளில் கண்ணிமைக்கும் உள்ளங்காலுக்கும் தடவுகிற அதே ஆமணக்கு எண்ணெய்தான். மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் ஹைட்ராலிக் பிரேக்குக்கு 1917-ல் காப்புரிமை வாங்கினார். விமானத் தொழிலில் பேர்போன லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவர் இவர். 1921-ல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் இந்த பிரேக்கோடு வந்தது. அதுவரை கம்பியும் இரும்புத் தண்டும் இழுத்துத்தான் பிரேக் பிடித்தது. ஒரு பக்கத்துக் கம்பி கொஞ்சம் தளர்ந்தால் போதும், வண்டி மறுபக்கம் இழுத்துக்கொண்டு போகும். குழாயில் திரவத்தை நிரப்பினால் அந்தத் தொல்லை இல்லை. காலால் கொடுக்கிற அழுத்தம் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே சீராகப் போய்ச் சேரும்.

எந்தத் திரவத்தை ஊற்றுவது என்பதுதான் கேள்வி. சக்கரத்துப் பக்கம் இருக்கிற சின்ன சிலிண்டருக்குள் திரவம் கசியாமல் தடுப்பது ஒரு ரப்பர் கப். அன்றைக்குக் கிடைத்தது இயற்கை ரப்பர். பூமிக்கடியிலிருந்து எடுக்கிற எண்ணெய் எது பட்டாலும் அது ஊறி உப்பிவிடும். விளக்கெண்ணெய் பட்டால் ஒன்றும் ஆகாது. வழவழப்பும் உண்டு. கெட்டியாக இருப்பது ஒன்றுதான் குறை. அதற்கு ஆல்கஹாலைக் கலந்து நீர்க்க வைத்தார்கள்.

விளக்கெண்ணெயின் பெருமை இதோடு முடியவில்லை. முதல் உலகப் போரில் பறந்த பல போர் விமானங்களில் எஞ்சினே மொத்தமாகச் சுழலும். பெட்ரோல் கலந்த காற்று அந்த எஞ்சினின் வயிற்றுக்குள் புகுந்துதான் போக வேண்டும். சாதாரண எண்ணெய் ஊற்றினால் பெட்ரோலில் கரைந்துவிடும். விளக்கெண்ணெய் அவ்வளவு எளிதில் கரையாது. ஆகவே அங்கேயும் அதுதான். எரிந்தது போக மிச்சம் விமானியின் முகத்தில் தெறிக்கும், மூக்கிலும் வாயிலும் போகும். அதை உள்ளே விட்டால் வயிறு என்ன பாடுபடும் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டுமா?

நம் ஊரிலும் மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட வண்டி மை, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்ததுதானே. வண்டிக்கு அடியில் மூங்கில் குழாயில் அது தொங்கும். நெடும்பயணத்துக்கு முன்னால் அச்சுக்கு மை போடாமல் மாட்டைப் பூட்ட மாட்டார்கள். கெட்ட பிறகு பார்ப்பது வேறு, கெடாமல் பார்ப்பது வேறு என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. சேலம் பக்கம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது ஆமணக்குச் செடியைப் பார்த்தால் இனிமேல் எனக்கு பிரேக் ஞாபகம்தான் வரும்.

சரி, அந்த விளக்கெண்ணெய் ஏன் போயிற்று? கலந்த ஆல்கஹாலால். அது சீக்கிரம் கொதித்துவிடும். கார்கள் வேகமெடுத்தன, பிரேக்கும் அதிகம் சூடாயிற்று. அந்த இடத்துக்கு கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன. கடையில் டாட் 3, டாட் 4 என்று கேட்டு வாங்குகிற பிரேக் ஆயில் இதுதான். சூட்டைத் தாங்கும். ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். வண்டியின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக, ரப்பர் ஹோஸ் வழியாக, வண்டி ஷெட்டில் சும்மா நிற்கும்போதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

டப்பாவைத் திறந்த புதிதில் டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி சொல்கிறது. டாட் 4 என்றால் 230, 155. நூறில் நாலு பங்குகூட இல்லாத தண்ணீர், டாட் 3-ன் தாங்கு சக்தியில் 65 டிகிரியைத் தின்றுவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. திரவத்தை அமுக்கினால் சுருங்காது, ஆவி சுருங்கும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் ஆவியை நசுக்குவதற்கே சரியாகப் போய்விடும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த ஒரு மாருதி 800-ஐ அடிவாரத்தில், காரவள்ளியில் பார்த்தேன். ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மேலிருந்து கீழ்வரை பிரேக்கிலேயே கால். கடைசி வளைவுகளில் பெடல் அமுங்கிப்போய், ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். கருகல் வாடை, முன் சக்கரத்துப் பக்கம் கை வைக்க முடியாத சூடு. “சார், எதையும் தொடாதீங்க, தண்ணியும் ஊத்தாதீங்க. ஆறட்டும்” என்றார் மெக்கானிக். வண்டி ஆறியதும் பெடலை மிதித்துப் பார்த்தார்கள். கல் மாதிரி நின்றது! “நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?” என்றார் ஆசிரியர். “ஆறினா நல்லாத்தான் சார் இருக்கும். அடுத்த தடவை மலையிலயா ஆற வைப்பீங்க?” என்றார் மெக்கானிக்.

இந்தக் கோளாறின் கொடுமையே அதுதான். ஆவி குளிர்ந்து திரும்பத் திரவமாகிவிட்டால் தடயமே இருக்காது. ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற நேரம் பிரேக் பிரமாதமாகப் பிடிக்கும்.

அம்பாசிடரும் மாருதி 800-ம் உற்பத்தி நின்றது 2014-ல். கடைசியாக வெளிவந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. இவற்றில் பல மாதத்துக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. ஓடவில்லையே, எதற்கு மாற்ற வேண்டும் என்று நினைப்பது இயல்பு. பிரேக் ஆயிலுக்கு கிலோமீட்டர் கணக்கு பார்க்காதீர்கள், காலண்டரைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றிவிடுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் தள்ளிப்போடவே கூடாது. சேர்ந்த ஈரம் வீல் சிலிண்டரைத் துருவேற்றும். துரு கப்பை அறுக்கும். பிறகு கசிவுதான்.

மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தொலைவில் இருக்கிற சக்கரத்தில், பொதுவாக இடதுபக்கப் பின்சக்கரத்தில் தொடங்குவார்கள். நிப்பிளில் கண்ணாடி டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, “டேய், அமுக்குடா… புடி, புடி, விடாத” என்று குரல் கொடுப்பார் மெக்கானிக். நிப்பிளைத் திறந்ததும் கறுத்த டிகாக்‌ஷன் மாதிரி வருவது பழசு. அது தெளிந்து வெளிர் மஞ்சளாகி, குமிழி நிற்கிறவரை வரட்டும். நாலு சக்கரத்துக்கும் இதேதான். நடுவில் மேலே வண்டியின் பிரேக் ஆயில் டப்பா காலியானால் காற்று புகுந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பெயின்ட் மேல் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும். திறந்து மாதக்கணக்கில் கிடந்த டப்பாவில் மிச்சம் இருக்கிறது என்று யாராவது எடுத்து வந்தால் ஊற்ற விடாதீர்கள். அவசரத்துக்குக்கூட எஞ்சின் ஆயில் கூடாது, கப் எல்லாம் உப்பிவிடும்.

ரேடியேட்டருக்கு இடமில்லை. அடுத்த வாரம் நிச்சயம். அதற்குள் ஒரு வேலை செய்து வையுங்கள்: காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே என்ன நிறம் என்று பாருங்கள். பச்சையா, சிவப்பா, வெறும் துரு நிறமா? அங்கிருந்து தொடங்குவோம்.