கோசுப் புழுவும் கூர்தலறமும்

திரிங்காப் வட்டாரத்தில் கோசு பயிரிடுவோரைக் கேட்டால், "புழு மருந்துக்குப் பழகிவிட்டது, ஐயா" என்பர். வகுப்பிலும் பிள்ளைகள் அவ்வாறே எழுதுகின்றனர். ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிதில் யானும் அவ்வாறே கற்பித்தேன். அது பிழை. அறிவியல் அப்பிழையை எவ்வாறு திருத்திற்று என்பதை ஈண்டுக் காண்போம்.

முட்டைக்கோசை அரிக்கும் இப்புழு, வைரமுதுகு அந்துப்பூச்சியின் இளம்பருவம். 1953-இல் சாவகத் தீவில் டி.டி.டி. மருந்தை இது தாங்குவது அறியப்பட்டது. பின்வந்த மருந்துகள் பலவற்றையும் இது வென்றது. நம் கேமரன் மலைப் பூச்சிகள், நுண்ணுயிரிலிருந்து செய்யப்படும் மருந்தையும் அபமெக்டின் என்பதையும் தாங்குவதை 1996-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? பயன்படுத்தும் உறுப்பு வளரும், அவ்வளர்ச்சி வழித்தோன்றல்களுக்கும் செல்லும் என்றார் இலமார்க்கு, 1809-இல். 'பழகிவிட்டது' என்னும் நம் சொல் அவர் வழியது. உயிர்களிடையே வேறுபாடுகள் இயல்பாகவே உண்டு, சூழலுக்குப் பொருந்துவனவே மிகுதியாக எஞ்சிப் பெருகும் என்றார் டார்வின், 1859-இல். ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. பெற்றோர் பண்புகள் பாலும் நீரும்போற் கலக்குமாயின், நல்ல மாறுதல் சில தலைமுறைகளில் நீர்த்துப் போகாதோ? 1866-இல் மெண்டல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் இதற்கு விடை இருந்தது. 1900-இல்தான் உலகம் அதனை உணர்ந்தது. மரபுக்கூறுகள் கரைந்து கலப்பதில்லை. பையிலிட்ட மணிகள்போல் முழுமை கெடாமல் அடுத்த தலைமுறையை அடைகின்றன.

மாறுதல் முன்னரே உண்டு என்பதற்குச் சான்று என்ன? 1943-இல் லூரியா, டெல்புருக் என்னும் இருவர் பாக்டீரியாக்களை வைரசுக்கு உட்படுத்தினர். தாங்கும் ஆற்றல் வைரசைக் கண்டபின் பிறந்ததன்று. அதற்கு முன்பே சிலவற்றில் தற்செயலாய்த் தோன்றியிருந்தது என்று நிறுவினர்.

இனி, தகவமைதல் சிறு அடிகளால் நிகழுமா, பெரும் அடிகளாலா? வீணைக்குச் சுருதி கூட்டுவோரை நினையுங்கள். பிருடையைச் சிறிது திருகினால் சுருதி சேரக்கூடும். பெரிதாகத் திருகினால் பெரும்பாலும் கெடும். ஆதலின் சிறு மாறுதல்களே பயன்தரும் என்றார் ஃபிஷர், 1930-இல். மிகச் சிறு நன்மையுடைய மாறுதல் தொடக்கத்திலேயே தற்செயலாய் அழிந்துபோகும், ஆகவே நடுத்தர அளவினவே நிலைக்கும் என்று 1983-இல் திருத்தினார் கிமுரா. 1998-இல் ஓர் என்பார் இரண்டையும் இணைத்தார்: சுருதி வெகுவாக விலகியிருக்கும்போது முதல் திருகல் பெரிது, நெருங்க நெருங்கத் திருகல்கள் சிறுக்கும். புதிய மருந்து தெளித்த கோசுப் பாத்தி, சுருதி வெகுவாக விலகிய வீணை. நஞ்சைத் தாங்கும் ஆற்றலில் பல வேளைகளில் ஒரே மரபணு பெரும்பங்கு வகிப்பது இதனோடு பொருந்துகிறது.

இதனால் யாது பயன் எனலாம். புழு பழகிவிட்டது என்று எண்ணுவோர் மருந்தைக் கூட்டுவர். அது தாங்காத புழுக்களைக் கொல்லும்; புழுவை அழிப்பதற்கென 1970களில் இம்மலைக்குக் கொணரப்பட்ட குளவியையும் கொல்லும்; தாங்கும் சிலவற்றுக்கே பாத்தியை உரிமையாக்கும். புழுவைத் தேர்ந்தெடுப்பது நாமே என உணர்ந்தவரோ, ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளியார், மாற்றித் தெளிப்பார், குளவியைக் காப்பார். மருந்துத் தோம்பைச் சுமக்கும் முதுகு நம் மாணவரின் பெற்றோருடையது. மருந்து வழிந்தோடும் நீரும் நம் ஆற்று நீரே.

ஆகவே ஆசிரியர்களே, கரும்பலகையில் இனி இவ்வாறு எழுதுவோம்: 'சில புழுக்கள் முன்னரே மருந்தைத் தாங்கும் தன்மையுடையன. மருந்து மற்றவற்றைக் கொன்றது. எஞ்சியவற்றின் வழித்தோன்றல்களே பாத்தியை நிரப்பின.' 'பழகிவிட்டது' என்பதினும் இது நீளமே. ஆயினும் உண்மை இதுவே.