நிறம் ஏமாற்றும், வால் காட்டிக்கொடுக்கும்

சிங்காநல்லூர் குளத்தின் மேல் உயரத்தில் வட்டமிடும் பருந்து எது என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்வது பெரும்பாலும் தவறாகிவிடும். வெயிலுக்கு எதிரே எந்தப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். போதாததற்கு, செம்பருந்தின் இளம்பறவை கரும்பருந்தைப் போலவே பழுப்பாக இருக்கும். வால் அந்த அளவுக்கு ஏமாற்றாது. கரும்பருந்தின் வால்நுனி நடுவில் பிளந்திருக்கும், செம்பருந்துக்கு அது வளைவாக முடியும்.

வாலை முழுக்க விரித்தால் பிளவு மறைந்துவிடுமே என்று கேட்கலாம். உண்மைதான், இறகு உதிரும் காலத்திலும் அது தெளிவாகத் தெரியாது. அதனால் பறக்கும் விதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கரும்பருந்து திரும்பும்போது வாலைச் சுக்கான் போல முறுக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் சேற்றுப் பூனைப்பருந்து, சிறகுகளைச் சற்றே மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி கோரைக்கு மேல் தாழ்வாக மிதந்து வரும். இந்த அழகான பறப்பை ஒருமுறை கவனித்தவர் மறக்கமாட்டார். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் அருகிவரும் பாறுகளைக் கழுகுகளிலிருந்து பிரித்தறியவும் அகன்ற நீண்ட சிறகும் குட்டை வாலுமே உதவுகின்றன. ஐயம் தீரவில்லையென்றால் குறிப்பேட்டில் ‘பருந்து’ என்று மட்டும் எழுதுங்கள். தவறான பெயரைவிட அது மேல்.