வைத்தியத் துணைவராக விரும்பும் மாணவருக்கு

இரண்டாண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள், பெற்றோருடன் அமெரிக்காவிலே குடியேறி வாழும் எம் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. "சேர், நான் பி.ஏ. படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன், தாங்கள் ஒரு நற்சான்றுக் கடிதம் தரவேண்டும்" என்று அவர் எழுதியிருந்தார். அங்குள்ள கல்லூரியொன்றில் உயிரியலிற் பட்டம் பெற்று முடித்த பிள்ளை, இனிக் கலைப்பட்டத்துக்குப் போவானேன் என்று நாம் மயங்கினோம். தமிழிலே எழுதினால் இரண்டும் பி.ஏ. தானே! மறுமொழி எழுதிக் கேட்ட பின்னரே, அவர் குறிப்பிட்டது 'பிசிஷன் அசிஸ்டன்ட்' என்னும் தொழிற் பயிற்சியை என்பது விளங்கிற்று.

நாம் அடைந்த மயக்கத்தை எம்போன்ற பெற்றோரும் ஆசிரியரும் அடைதல் கூடும். ஆதலின் அத்தொழில் யாதென்பதை முதலிற் கூறிவிடுகிறோம். நோயாளரைப் பரிசோதித்தல், நோயை நிர்ணயித்தல், இரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் எழுதிக் கொடுத்தல், மருந்து எழுதுதல், சத்திரசிகிச்சையில் வைத்தியருக்குத் துணைநிற்றல் ஆகியவற்றை, வைத்தியரின் மேற்பார்வையிலோ அவரோடு கூடியோ செய்பவர் இவர். அதிகாரத்தின் எல்லை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இரத்த அழுத்தம் பார்த்து, நோயாளரை அறைக்கு அழைத்துச் செல்லும் 'மெடிக்கல் அசிஸ்டன்ட்' என்பார் முற்றிலும் வேறானவர். 'அசிஸ்டன்ட்' என்ற சொல் விளைக்கும் குழப்பத்தினாற் போலும், 2021ஆம் ஆண்டில் இத்தொழிலாளரின் அமெரிக்கச் சங்கம் 'பிசிஷன் அசோசியேற்' என்று பெயரை மாற்றத் தீர்மானித்தது. எனினும் பெரும்பாலான மாநிலச் சட்டங்களிற் பழைய பெயரே நிலவுகின்றது. நாம் இருவகைக்கும் பொதுவாக 'வைத்தியத் துணைவர்' என்று வழங்குவோம். எமது பாட்டனார் காலத்தவர் 'அப்போதிக்கரி' என்று அழைத்தவரை வாசகர் சிலர் நினைவுகூர்தல் கூடும். அவரும் முழு வைத்தியப் பட்டம் பெறாமலே நோயாளரைப் பார்த்தவர்தாம். ஒப்புமை அவ்வளவே.

அமெரிக்கத் துணைவரின் வரலாறு சுவையானது. அதனை அறிந்தாலன்றி விண்ணப்பப் படிவம் ஏன் இன்னின்னவற்றைக் கேட்கின்றது என்பது விளங்காது. வட கரோலைனா மாநிலத்திலே கார்லண்ட் என்னும் சிற்றூர். அங்கே அமொஸ் ஜோன்சன் என்ற வைத்தியர், ஹென்றி லீ ட்ரெட்வெல் என்னும் கறுப்பினத்தவரைத் தாமே பழக்கித் தமக்குத் துணையாக வைத்திருந்தார். வைத்தியர் வெளியூர் செல்ல நேர்ந்தபோதும் நோயாளர் கவனிப்பாரின்றித் திரும்பவில்லை. ட்ரெட்வெல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் வைத்தியம் கற்றவரல்லர். அம்மாநிலத்திலேயே டேர்ஹம் நகரில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் வைத்தியப் பேராசிரியர் யூஜின் ஸ்ரெட் இந்த உதாரணத்தை நன்கறிந்திருந்தார். கிராமப்புறங்களில் வைத்தியருக்குப் பெரும் பஞ்சம் நிலவிய காலம் அது. தெல்மா இங்கிள்ஸ் என்னும் தாதியர் ஆசிரியையோடு சேர்ந்து, தாதியருக்கு உயர்ந்த வைத்தியப் பயிற்சி அளிக்க அவர் முதலில் முயன்றார். தாதியர் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு அதனை ஏற்க மறுத்தது. மனந்தளராத ஸ்ரெட், 1965ஆம் ஆண்டில் வேறொரு கூட்டத்தாரை நாடினார். கடற்படையிலே காயம்பட்டோரைக் கவனித்துப் பழகி, படையை விட்டு வெளியேறியதும் அந்தத் திறமைக்கு ஏற்ற தொழிலின்றி நின்றவர்கள் அவர்கள். நால்வர் சேர்ந்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வைத்தியரை விரைவிற் பயிற்றிய முறையைத் தழுவி, இரண்டாண்டுப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆந் திகதி மூவர் தேறி வெளியேறினர். அது ஸ்ரெட்டின் பிறந்த நாளுமாகும். 1969இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் றிச்சட் ஸ்மித் என்னும் வைத்தியர் 'மெடெக்ஸ்' என்ற பெயரில் இதுபோன்ற பயிற்சியைத் தொடங்கியபோதும், படையிலிருந்து வந்தவர்களையே முதலிற் சேர்த்துக்கொண்டார்.

முதல் வகுப்பிலே அமர்ந்தவர்கள் நூலறிவினால் தெரிவுசெய்யப்பட்டவர்கள் அல்லர். நோயாளரைத் தொட்டுப் பழகியவர்கள் என்பதை மாணவர் கவனித்தல் வேண்டும். இன்று 300க்கு மேற்பட்ட அங்கீகாரம் பெற்ற பயிற்சிகள் அமெரிக்காவில் உள்ளன. சேருவோர் பட்டதாரிகளாக இருத்தல் வேண்டும். ஏறக்குறைய 27 மாதங்கள் கற்று முதுமாணிப் பட்டம் பெறுகின்றனர். காலம் இத்துணை மாறிய பின்னரும், 'நீர் நோயாளரைத் தொட்டதுண்டா?' என்ற பழைய கேள்வி மட்டும் மாறவில்லை.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். 2001ஆம் ஆண்டு தொடக்கம் 'காஸ்பா' என்னும் பொது விண்ணப்பச் சேவை நடைபெறுகின்றது. ஒரே படிவத்தை நிரப்பிப் பல பயிற்சிகளுக்கு அனுப்பலாம். ஒவ்வோராண்டும் ஏப்பிரல் மாதக் கடைசியிற் படிவம் திறக்கப்படும். பல நிறுவனங்கள் முடிவுத் திகதி வரையும் காத்திராமல், வந்த ஒழுங்கிலேயே விண்ணப்பங்களைப் பார்த்து நேர்முகத்துக்கு அழைக்கின்றன. ஆகவே கடைசி வாரத்தில் அனுப்பும் மாணவர், பாதி ஆசனங்கள் நிரம்பிய வண்டியில் ஏறுபவரை ஒத்தவர்.

உடற்கூற்றியல், உடற்றொழிலியல், இரசாயனம், நுண்ணுயிரியல், புள்ளிவிபரவியல், உளவியல் ஆகிய பாடங்களை முன்னரே கற்றிருக்கும்படி பெரும்பாலானவை கேட்கும். சில நிறுவனங்கள் அவற்றை அண்மைக்காலத்திற் கற்றிருக்க வேண்டுமெனவும் வற்புறுத்தும். புள்ளிகளைப் பொறுத்தவரை ஒரு விடயத்தை அழுத்திக் கூறுகிறோம். ஒரு பாடத்திற் சித்தியடையாமல் மறுமுறை தோற்றி நன்றாகச் செய்தால், முந்தியது அழிந்துவிட்டது என்று எம் பிள்ளைகள் எண்ணுவர். காஸ்பாவில் அஃது அழியாது. கற்ற கல்லூரிகள் அனைத்தினதும் பெறுபேறுகள் அனைத்தும் பதியப்படல் வேண்டும். தவறியதும் தேறியதும் சேர்த்தே சராசரி கணிக்கப்படும்.

எம் மாணவருக்குப் புள்ளிகளிற் குறையிருக்கவில்லை. முதலாம் ஆண்டில் ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பித்தார். ஒன்பதும் மறுத்துவிட்டன. ஓரிடத்திலிருந்தும் நேர்முக அழைப்புக்கூட வரவில்லை.

காரணம் பின்னரே தெரிந்தது. வைத்தியசாலை ஒன்றின் அலுவலகத்தில் ஊதியமின்றிக் கோப்புகளை அடுக்கிய நேரத்தையெல்லாம் அவர் அனுபவமாகக் காட்டியிருந்தார். காஸ்பா படிவமோ அனுபவத்தை இருகூறாகப் பிரிக்கின்றது. நோயாளரின் பராமரிப்புக்கு நேரடியாகப் பொறுப்பேற்றுச் செய்த வேலை ஒன்று. வைத்தியச் சூழலிலே பொறுப்பின்றிச் செய்த ஏனைய வேலை மற்றொன்று. பெரிதாக மதிக்கப்படுவது முன்னையதே. சில நிறுவனங்கள் 500 மணிநேரம் போதுமென்கின்றன. 1,000 கேட்பனவும் 2,000 கேட்பனவும் உள. வாரம் 40 மணிநேரமாக வேலை செய்தால் 2,000 மணிநேரத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு செல்லும். அம்புலன்ஸ் ஊழியர், இரத்தம் எடுப்பவர், தாதி, தாதியர் உதவியாளர் என்போரே இந்த வாயிலால் மிகுதியாக வருகின்றனர். தாதியர் உதவியாளரின் வேலையை ஓரிடம் முதற்கூறிலும் மற்றோரிடம் இரண்டாங்கூறிலும் சேர்ப்பதுண்டு. ஆதலின், செய்த வேலை இன்னதென்று தெளிவாக எழுதுதல் அவசியம்.

அம்மாணவர் தாதியர் உதவியாளர் பயிற்சிக்குச் சென்றார். மத்திய அரசின் சட்டப்படி அதற்கு ஆகக் குறைந்தது 75 மணிநேரம் வேண்டும். பல மாநிலங்கள் அதனினும் கூட்டிக் கேட்கின்றன. பின்னர் முதியோர் இல்லமொன்றில் இராவேலைக்கு அமர்ந்தார். சில வாரங்களின் பின் அவருடைய தந்தையார் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டர், பட்டம் எடுத்த பொடியன் கிழவன் கிழவியளுக்கு மலசலம் எடுக்கிறான். ஊரிலை கேட்டால் என்னெண்டு சொல்லுறது?" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. தாயாரோ உறவினரிடம் 'ஆசுப்பத்திரியிலை வேலை' என்று மட்டும் கூறி வந்தாராம்.

எமக்கு உடனே மறுமொழி வரவில்லை. வகுப்பறையிலே புள்ளிகளையே போற்றி, உயர்ந்த புள்ளி பெற்றவனையே பரிசளிப்பு மேடைக்கு அழைத்து வந்தவர்கள் நாம். அந்தப் பிள்ளை இங்கே கற்ற காலத்தில், சகமாணவன் ஒருவன் வாந்தியெடுத்தபோது துடைத்துவிட்டவன் யாரென்று எமது பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. நற்சான்றுக் கடிதத்தை எழுத அமர்ந்தபோதும் இதே இடர்ப்பாடு நேர்ந்தது. காஸ்பா குறைந்தது இரண்டு கடிதங்களும் கூடியது ஐந்தும் ஏற்கும். எழுதுபவர் விண்ணப்பதாரரை எவ்வகையில் அறிவார் என்பதைப் படிவம் கேட்கும். கெட்டிக்காரன், ஒழுக்கமுள்ளவன் என்பதற்கு மேல் எம்மால் யாது கூற முடியும்? அவருடன் வேலை செய்த ஒரு வைத்தியரிடமோ வைத்தியத் துணைவரிடமோ கடிதம் பெறுவதே நன்று என்று அவருக்கு எழுதிவிட்டோம். சில நிறுவனங்கள் அதனைக் கட்டாயமாகவே கேட்கின்றன.

மற்றொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. விண்ணப்பத்தோடு, தாம் ஏன் வைத்தியத் துணைவராக விரும்புகிறார் என்பதை 5,000 எழுத்துகளுக்கு மேற்படாமல் விளக்கி ஒரு கட்டுரை எழுதல் வேண்டும். சொற்களல்ல, எழுத்துகள், இடைவெளியும் கணக்கிற் சேரும். முதலாம் ஆண்டுக் கட்டுரையை அவர் எமக்கு அனுப்பியிருந்தார். சிறு வயது முதல் வைத்தியராகும் கனவு, மனித குலத்துக்குச் சேவை, தியாகம் என்றெல்லாம் அழகிய வசனங்கள் நிறைந்திருந்தன. நாமும் மகிழ்ந்து பாராட்டி, இரண்டொரு நிறுத்தக் குறிகளை மட்டும் திருத்தினோம். வைத்தியராகும் கனவைப் பற்றி எழுதியவர், பின் ஏன் துணைவராக வருகிறார் என்று வாசிப்பவர் கேட்பாரே என்பது எமக்குத் தோன்றவேயில்லை. வைத்தியக் கல்லூரி கிடையாதவருக்கு ஆறுதற் பரிசாக இத்தொழிலைக் கருதுபவரை, தெரிவுக் குழுவினர் விரைவில் இனங்கண்டு கொள்வர்.

இரண்டாம் முறை எழுதிய கட்டுரையில் கனவு எதுவும் இல்லை. முதியோர் இல்லத்திலே மூதாட்டி ஒருவருக்கு இரவுதோறும் காலுறை மாற்றும்போது, கணுக்காலிற் காலுறை பதிந்த தடம் நாளுக்கு நாள் ஆழமாகி வந்ததை அவர் கவனித்திருக்கிறார். தாதியிடம் கூறினார்; தாதி வைத்தியத் துணைவருக்கு அறிவித்தார். அவர் வந்து, கட்டிலருகே முழந்தாளிட்டுக் காலை அழுத்திப் பார்த்து, மூச்சைக் கேட்டு, மருந்தை மாற்றினார். அதன்பின், கவனித்த பொடியன் யாரென்று தேடி வந்து, இருதயம் தளரும்போது கால் ஏன் வீங்குகின்றது என்பதைப் பத்து நிமிடம் விளக்கினாராம். 'அவர் செய்ததைச் செய்யவே நான் விரும்புகிறேன்' என்று எழுதி முடித்திருந்தார். நாம் ஒரு நிறுத்தக் குறியையும் தொடவில்லை.

நேர்முகத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். சில இடங்களிற் குழுவாக அமர்த்திக் கேட்பர். சில இடங்களிற் பல சிறு அறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களுக்கு ஒரு சிக்கல் தரப்படும். மேலதிகாரி செய்த தவற்றைக் கண்டால் என் செய்வீர் என்பது போன்ற வினாக்களுக்குப் பாடமாக்கிய விடை உதவாது.

எம் நாட்டிலிருந்து நேரே விண்ணப்பிக்க எண்ணுவோர் அறிய வேண்டியன சில உள. அந்நாட்டுப் பிரசைகளையும் நிரந்தர வதிவாளரையுமே ஏற்கும் நிறுவனங்கள் பல. முன்பாடங்களை அமெரிக்கக் கல்லூரியிலேயே கற்றிருத்தல் வேண்டுமென்போரும் பலர். பிறநாட்டில் வைத்தியப் பட்டம் பெற்றவருக்கும் குறுக்குவழி இல்லை. அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்தவரே 300 வினாக்கள் கொண்ட தேசிய சான்றிதழ்ப் பரீட்சைக்குத் தோற்றலாம். கட்டணமோ பெருஞ்சுமை. ஓர் இலட்சம் டொலரைத் தாண்டும் பயிற்சிகள் பல உள. பாடச்சுமை காரணமாகப் பயிற்சிக் காலத்தில் வேலைக்குப் போவதும் அரிது. கடன் வாங்கு முன் குடும்பம் முழுவதும் இருந்து கணக்குப் பார்த்தல் நன்று.

எம் மாணவர் இரண்டாம் முறை ஆறு இடங்களுக்கே விண்ணப்பித்தார். இரண்டிலிருந்து நேர்முக அழைப்பு வந்தது. ஒன்று மறுத்துவிட்டது, மற்றையது காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துள்ளது. வகுப்புத் தொடங்கும் வாரம் வரையும் அப்பட்டியலிலிருந்து அழைப்பு வருதல் கூடுமாதலின், அவர் இராவேலையை விடவில்லை. பனி கொட்டும் நாட்களில் காலை ஏழு மணிக்கு அவருடைய தந்தையாரே காரை எடுத்துச் சென்று, முதியோர் இல்லத்து வாயிலில் நின்று மகனை ஏற்றி வருகிறாராம்.